மருந்தடித்து ஐந்து நாள்

கம்பெனி வெள்ளரி ஒரே நாளில் பெருத்துவிடும். இன்று காலை சுண்டுவிரல் கனத்தில் இருக்கும் காய் நாளைக் காலை கட்டைவிரலைத் தாண்டும். மறுநாளும் விட்டால் உலக்கைப் பூண் மாதிரி தடித்துக் கிடக்கும். கிலோவுக்கு நூற்றறுபது காய் நின்றால் முதல் தரம். நூறு நின்றால் இரண்டாம் தரம். முப்பதுக்குக் கீழே போனால் கழிவு. பெருத்த காயைக் கொடியில் விட்டுவைத்தால் கொடியும் பிஞ்சு விடுவதை நிறுத்திவிடும். அதனால் வண்டி வரும் நாளெல்லாம் பறித்தே ஆக வேண்டும். கல்யாணமோ திருவிழாவோ அதற்குத் தெரியாது.

திங்கட்கிழமை விடியற்காலை அனிதா வெள்ளரிக் கொல்லைக்கு வந்தபோது, மோட்டார் கொட்டகையில் அவள் புருஷன் கலையரசன் செத்துக் கிடந்தான்.

சாக்கின் மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தான். வாயோரத்தில் நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. அவள் கன்னத்தைத் தொட்டாள். சிமெண்டுத் தரையைத் தொட்டது போலிருந்தது. கையைத் தூக்கினாள். மடங்கிய கை மடங்கியபடியே வந்தது.

அவள் கத்தவில்லை. கத்துவதற்கு முன்னால் மணி பார்த்தாள். ஐந்தேகால். ஐந்தே முக்காலுக்குப் பறிக்கும் பெண்கள் வந்துவிடுவார்கள். பத்தொன்பது பேர். எல்லோரும் தெற்குத் தெரு. தெருவில் ஒரு சாவு விழுந்தால் பிணத்தை எடுக்கும்வரை தெற்குத் தெருவில் யாரும் வேலைக்குப் போவதில்லை, அடுப்பும் மூட்டுவதில்லை. சொந்தமா பகையா என்ற கணக்கெல்லாம் கிடையாது. அவள் கத்தினால் வருகிறவர்கள் வாளியைப் போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். காய் கொடியில் நிற்கும். பதினொரு மணிக்கு வண்டி வந்து வெறுமையாகத் திரும்பும்.

கம்பெனிக்குக் காய் கொடுக்கும் ஒப்பந்த அட்டை அனிதாவின் பெயரில் இருந்தது. தெற்குத் தெருவில் அட்டை வாங்கிய முதல் ஆள் அவள். பதினோரு வருஷம் பிறர் கொல்லையில் குனிந்தவள். எறையூர் ஆலைக்குக் கரும்பு அனுப்பி அலுத்துப்போன வைத்திலிங்கம், தன் நிலத்தில் ஒன்றேகால் ஏக்கரை ஒரு போகத்துக்கு அவளுக்குக் குத்தகை விட்டிருந்தார். "இந்தப் போகத்த ஒழுங்கா ஓட்டிக் காட்டு புள்ள. அப்பறம் மூணு வருசத்துக்கு எழுதித் தரேன்" என்றிருந்தார். காய் வராத நாளுக்கும் காயில் புழு இருந்த நாளுக்கும் அட்டையில் சிவப்பு வட்டம் போடுவார்கள். மூன்று வட்டம் விழுந்தால் அட்டை கை மாறிவிடும். அவளுடையதில் இரண்டு விழுந்திருந்தன. ஒன்று பறிக்க ஆள் வராத நாளுக்கு. மற்றது சனிக்கிழமை, புழுவுக்கு.

அந்தப் புழுவுக்காகத்தான் கலையரசன் ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர் போய் மருந்து வாங்கி வந்தான். கம்பெனிப் பட்டியலில் இல்லாத மருந்து. ஒரு பொடி, ஒரு தண்ணீர். இரண்டையும் சேர்த்து அடித்தால் புழுவின் பாட்டனும் வர மாட்டான் என்று கடைக்காரன் சொல்லி அனுப்பியிருந்தான். உச்சி வெயிலில், வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, சட்டையில்லாமல் அடித்தான். பொடி சரியாகக் கரையவில்லை. தெளிக்கும் முனை அடிக்கடி அடைத்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் துண்டை இறக்கி, முனையைக் கழற்றி, வாயில் வைத்து ஊதி மாட்டினான். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். வாயால் ஊதினால்தான் அடைப்பு போகும்.

சாயங்காலம் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். எச்சில் நிற்காமல் ஒழுகியது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்று கேட்டாள்.

"போனா, மருந்து குடிச்சியாடான்னு கேப்பான். போலீசு வரும். கம்பெனிக்காரன் காதுக்குப் போகும். அட்டைய நாக்கு வழிக்கவா வச்சிக்குவ?"

"அப்ப மோரு குடிச்சிட்டுப் படு. காலையில பாத்துக்கலாம்."

அவள்தான் சொன்னாள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று. மும்முனைக் கரண்டு வரும்போது மோட்டார் போட வேண்டும் என்பதால் அவன் கொட்டகையிலேயே தங்கினான்.

இப்போது காலை ஆகிவிட்டது.

அனிதா அவன் முகத்தைத் துண்டால் துடைத்தாள். துண்டில் மருந்து வாடை. போர்வையை இடுப்புவரை இழுத்துவிட்டாள். வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டினாள். சாவியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு, தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினாள்.

பெண்கள் வரப்பில் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் மலர்கொடி. கலையரசனின் தங்கை. தூரத்திலேயே வாய் கேட்டது.

"அண்ணி, நேத்து ஞாயித்துக்கெழம கறி எடுத்தீங்களா? எனக்கு ஒரு எலும்பு கூட வரல."

"எங்க எடுத்தோம். உங்கண்ணன்தான் கடைக்கு அலைஞ்சிச்சு."

"எந்தக் கடைக்கி?" என்றாள் கொளஞ்சி. மூத்தவள், தெருவில் பிணம் குளிப்பாட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள். பெண்கள் சிரித்தார்கள்.

கொடி வரிசைகளில் சாரிக்கு ஒருத்தியாகப் பிரிந்து பறிக்கத் தொடங்கினார்கள். காயின் சுணை கையை அரிக்கும். பூவைக் கிள்ளி எறிந்துவிட்டுக் காயை வாளியில் போட வேண்டும். வளைந்தது, தடித்தது எல்லாம் கழிவு. கழிவைக் கரையில் கொட்டுவார்கள். முன்பு ஆடுகள் வந்து தின்னும். போன மாதம் கொளஞ்சியின் ஆடு தின்றுவிட்டு நுரை தள்ளிச் செத்தது. அதற்குப் பிறகு கரைப்பக்கம் ஆடுகளை விடுவதில்லை. இந்தக் காயை இங்கே மனிதர்களும் தின்பதில்லை. வினிகர் ஊற்றி, பாட்டிலில் அடைத்து, கப்பலில் அனுப்புகிறார்கள். வெள்ளைக்காரன் ரொட்டிக்கு நடுவில் வைத்துக் கடிப்பான் என்று கலையரசன் சொல்வான். அதற்குப் போய் ஏன் இவ்வளவு சின்னதாகக் கேட்கிறான் என்று அவனுக்குக் கடைசிவரை புரியவில்லை.

"அண்ணி, வாடை தூக்குது. நேத்து அடிச்சீங்களா?" மலர்கொடி ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அஞ்சு நாளாச்சுடி. பனி எறங்குனா வாடை நிக்கும்."

அது எல்லோரும் சொல்லும் பதில். தினமும் பறிக்க வேண்டும் என்பது கம்பெனியின் முதல் விதி. மருந்தடித்தால் ஐந்து நாள் பறிக்கக் கூடாது என்பது நான்காவது விதி. இரண்டும் ஒரே தாளில் அச்சாகியிருந்தன. ஆகவே எந்த ஊரில் எந்தக் கொல்லையில் எந்த நாள் கேட்டாலும் மருந்தடித்து ஐந்து நாள்தான் ஆகியிருக்கும்.

எட்டு மணிக்கு மலர்கொடி தண்ணீர் குடிக்கத் தொட்டிக்குப் போனாள். அனிதா நிமிர்ந்து பார்த்தாள். கொட்டகையின் சின்ன ஜன்னலுக்குக் கதவு கிடையாது. மலர்கொடி குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்து உள்ளே எட்டினாள். நீர் சொட்டும் கையோடு சற்று நேரம் நின்றாள்.

அனிதா வாளியைக் கீழே வைத்தாள்.

மலர்கொடி திரும்பி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏ அண்ணி! அவன வச்சிப் பூட்டிட்டியா? நல்ல வேலை பண்ண. வாயில ஈ மொய்க்குது, அதுகூடத் தெரியாம மட்டையாயிக் கெடக்கான். டேய்ன்னு ஒரு சத்தம் போட்டேன், அசையல. எந்தக் கடைச் சரக்கு அண்ணி அது?"

"ஓடிப்போயிருவான்னு பூட்டிட்டாளாட்டம் இருக்கு" என்றாள் ஒருத்தி.

"யாரு கூட?" என்றாள் இன்னொருத்தி.

"ஈ கூடத்தான்" என்றாள் மலர்கொடி.

பத்தொன்பது பேரும் சிரித்தார்கள். அனிதாவும் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். பிறகு குனிந்து தன் சாரியை முடித்தாள். அன்று அவளுடைய வாளிதான் முதலில் நிறைந்தது.

பதினொன்றுக்குக் குட்டியானை வண்டி வந்தது. அதன் முன்னால் பைக்கில் பிரேம். கம்பெனியின் ஃபீல்டு ஆள். ஆலத்தியூர்ப் பையன், விவசாயத்தில் டிப்ளமா. கையுறை மாட்டிக்கொண்டுதான் காயைத் தொடுவான். கை வியர்வை காயில் பட்டால் பாட்டிலில் பூசணம் பிடிக்குமாம். இருபது காயைப் பிளந்து பார்த்தான். புழு இல்லை.

"சூப்பர்க்கா. மருந்து?"

"அஞ்சு நாளாச்சு சார்."

எழுதிக்கொண்டான். பைக்கிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தான். உள்ளே தலைமுதல் கால்வரை மூடும் வெள்ளை உடுப்பு, முகமூடி, கண்ணாடி, ரப்பர் கையுறை.

"வியாழக்கெழம ஆடிட் வருது. மருந்தடிக்கிற ஆளு இதப் போட்டுக்கிட்டு டேங்க் மாட்டுன மாதிரி ஒரு போட்டோ வேணும். அண்ணனக் கூப்பிடுங்க."

அனிதா கொட்டகையைப் பார்க்கவில்லை.

"அவரு டவுனுக்குப் போயிருக்காரு சார்."

"பொய் சொல்றா சார்" என்றாள் மலர்கொடி. "எங்கண்ணன் உள்ளாறதான் கெடக்குது. நேத்துச் சரக்கு. நீங்க போயி எழுப்புங்க."

பிரேம் மூக்கைச் சுளித்தான். கையுறையைக் கழற்றிக்கொண்டே கொட்டகையைப் பார்த்தான். இரண்டடி வைத்தான்.

"சார், நான் போட்டுக்கறேன்" என்றாள் அனிதா. "மூஞ்சிதான் தெரியாதே. ஆளு அவருன்னே எழுதிக்குங்க."

பிரேம் யோசித்தான். முகமூடியைத் திருப்பிப் பார்த்தான்.

"அதுவும் சரிதான். எனக்கு இன்னும் ஒம்போது கொல்ல இருக்கு. சீக்கிரம் போட்டுக்குங்க. அழுக்குப் பண்ணிடாதீங்க, எல்லாக் கொல்லைக்கும் இந்த ஒண்ணுதான்."

சேலைக்கு மேலே உடுப்பை மாட்டினாள். உள்ளே வெந்தது. பெண்கள் சூழ்ந்து நின்று ஜிப்பை இழுத்துவிட்டார்கள். கொளஞ்சி டேங்க்கை எடுத்து முதுகில் மாட்டிவிட்டாள். அதன் வாரில் கலையரசனின் வியர்வை காய்ந்து உப்பாக இருந்தது.

"ஐயோ, மாமோய்!" என்று மலர்கொடி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "எங்கண்ணன விட நீதான் அண்ணி ஆம்பள."

"தள்ளுங்கக்கா, தள்ளுங்க" என்று பிரேம் போனைத் தூக்கிப் பிடித்தான். "முனையக் கொடிப் பக்கம் காட்டுங்க. அப்பிடியே. ஆடாதீங்க."

மூன்று படம். நேரமும் இடமும் படத்திலேயே விழுந்தன. அடியில் பெயர் தட்டினான்: கலையரசன், மருந்து தெளிப்பவர்.

வண்டி போயிற்று. பெண்கள் கை கழுவிக்கொண்டு தெருவுக்குப் போனார்கள். அனிதா கடைசிப் புடவைத் தலைப்பு வரப்பு திரும்பி மறையும்வரை நின்றாள். பிறகும் நின்றாள். அவர்கள் வீட்டுக்குப் போய், சோறு போட்டு, ஒரு வாயாவது தின்றிருக்கட்டும் என்று கணக்குப் பண்ணினாள். ஒரு மணிக்குப் பூட்டைத் திறந்தாள். அப்புறம்தான் கத்தினாள். காலையிலிருந்து அடக்கிய சத்தம் ஒழுங்காக வரவில்லை. முதலில் இருமல்தான் வந்தது.

நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னார், தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார் என்று சொன்னாள். ஆஸ்பத்திரி, போலீஸ் என்று யாரும் பேசவில்லை. உடம்பை அறுக்கக் கொடுக்க யாருக்கு மனசு வரும். வைத்திலிங்கம் ஆள் அனுப்பி ஒரு மாலை போட்டார்.

அன்று இரண்டு மணிக்கே குளிப்பாட்டும்போது கொளஞ்சி அவன் கையை நீட்ட முயன்றாள். வரவில்லை. முழங்காலை அமுக்கினாள். வரவில்லை. முதுகைப் புரட்டிப் பார்த்தாள். கருநீலமாக ரத்தம் இறங்கிக் கட்டியிருந்தது.

"எத்தன மணிக்குடி போனான்?"

"பன்னெண்டரைக்கி."

கொளஞ்சி சொம்பைக் கீழே வைத்தாள். நூற்றுக்கு மேல் பிணம் குளிப்பாட்டிய கை. எதிரே மஞ்சள் பூசிக்கொண்டிருந்த மலர்கொடியைப் பார்த்தாள்.

மலர்கொடியின் கை நின்றது. அண்ணன் வாயைப் பார்த்தாள். பிறகு அனிதாவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஈ" என்றாள்.

அவ்வளவுதான். பிறகு ஒப்பாரிக்கும் அவள் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அடக்கம் ஆகும்வரை சுவரோரம் உட்கார்ந்து, வாயருகே எதையோ விரட்டுவது போல் கையை அசைத்துக்கொண்டிருந்தாள்.

பிரேம் செவ்வாய்க்கிழமை மதியம் வந்தான். மாலையைப் படத்துக்குப் போட்டுவிட்டு, அனிதாவை வேப்பமரத்துப் பக்கம் கூப்பிட்டான்.

"என்னக்கா நீங்க. நேத்து உள்ள படுத்திருந்தாருல்ல? அப்பவே ஒடம்பு முடியலன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"சரி விடுங்க. இன்னைக்கும் நாளைக்கும் காய் வராது. நான் வட்டம் போடல. சாவு வூட்டுக்கு யாருக்கா வட்டம் போடுவா? கம்பெனிலயே அதுக்கு ஒரு கட்டம் இருக்கு, டிக் பண்ணாப் போதும். மூணு நாள் வரைக்கும் லீவு."

"மூணு நாளா?"

"ஆமா. உங்களுக்குத் தெரியாதா? தாள்ல பின்னாடி போட்டிருக்கே."

அனிதா வேப்பமரத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆனா நான் அந்தக் கட்டத்த டிக் பண்ணல" என்றான் பிரேம், குரலைத் தாழ்த்தி. "ஆடிட் நேரத்துல கொல்லைல சாவுன்னா ஏன், எப்பிடின்னு தோண்டுவாங்க. மழைன்னு போட்டிருக்கேன். வியாழக்கெழம ஆடிட் மேடம் வருவாங்க. அண்ணன் வெளியூர் போயிருக்காரு. புரியுதா? போட்டோ இருக்குல்ல, அது போதும். இந்த வட்டம் நான் போடாத வட்டம். ஞாபகம் வச்சிக்குங்க."

புதன்கிழமை பால் தெளித்தார்கள். அங்கிருந்து அனிதா நேராகக் கொல்லைக்குப் போனாள். இரண்டு நாள் பறிக்காத காய்கள் கொடியை இழுத்துக்கொண்டு தரையில் கிடந்தன. பிஞ்சுகளை விரலால் தடவிக்கொண்டே நடந்தாள். மூன்றாவது சாரியில் ஒரு பிஞ்சில் ஊசித் துளை. பிளந்தாள். புழு.

கலையரசன் வாங்கியதில் பாதி மிச்சம் இருந்தது. பொடியும் தண்ணீரும். அவன் துண்டையே வாயில் கட்டிக்கொண்டு, வெயில் தாழ அடித்தாள். வெள்ளை உடுப்பு அப்போது எந்தக் கொல்லையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்ததோ. முனை மூன்று தடவை அடைத்தது. ஒவ்வொரு தடவையும் கழற்றி வாய்வரை கொண்டுபோனாள். பிறகு கருவேல முள்ளை ஒடித்துக் குத்தினாள். முள்ளாலும் அடைப்பு போயிற்று.

வியாழக்கிழமை ஐந்தே முக்காலுக்குப் பத்தொன்பது பேரில் ஒருத்தியும் வரவில்லை. தெருவில் யாரும் அவளைத் திட்டவில்லை, வழியை மறிக்கவும் இல்லை. குழாயடியில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டார்கள். பிணம் கிடக்கும்போது தங்களை வேலை செய்யவைத்தவள். பிணத்தைப் பார்த்துத் தங்களைச் சிரிக்கவும் வைத்தவள்.

தனியாகவே பறித்தாள். பிஞ்சுகளை மட்டும். எட்டரை மணிக்கு வரப்பில் ஆள் அரவம் கேட்டது. மலர்கொடி. கையில் வாளி.

அனிதா நிமிர்ந்தாள். மலர்கொடி அடுத்த சாரியில் இறங்கிப் பறிக்கத் தொடங்கினாள்.

"மலரு" என்றாள்.

"பறி அண்ணி. வண்டி வந்துரும்."

வண்டிக்கு முன்னால் ஆடிட் கார் ரோட்டில் தெரிந்தது. பிரேம் பைக்கில் வேகமாக வந்து இறங்கி, அனிதாவைத் தொட்டிப் பக்கம் இழுத்தான்.

"நெத்தி ஏன்க்கா இப்பிடி இருக்கு? மேடம் கேப்பாங்க. பொட்டு எதுவும் இல்லையா?"

"எப்பிடி சார் வைக்கிறது?"

"அஞ்சு நிமிசம்தான். அவங்க போனதும் எடுத்துருங்க."

கொட்டகைச் சுவரில், ஆணிக்குப் பக்கத்தில், அவள் எப்போதோ ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்று இருந்தது. கீழே அந்தச் சாக்கு இன்னும் விரித்தபடி கிடந்தது. பொட்டை உரித்து நெற்றியில் அமுக்கினாள். வெளியே வந்தபோது மலர்கொடி பார்த்தாள். பொட்டையே பார்த்தாள். பறித்துக்கொண்டிருந்த கை பறித்துக்கொண்டே இருந்தது.

ஆடிட்டர் மேடம் சென்னைக்காரி. தொப்பி போட்டிருந்தார். மரியாதையாகப் பேசினார். சோப்பு இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது, பிரேம் அப்போதுதான் வைத்திருந்தான். முதலுதவிப் பெட்டியைத் திறந்து மூடினார். கையிலிருந்த டேப்லெட்டைத் தள்ளிக்கொண்டே வந்து நின்றார்.

"உங்க ஹஸ்பெண்டா இது? ரொம்ப அழகா எல்லாம் போட்டிருக்காரே. இந்த ஏரியாவுல நான் பாத்ததுலயே இதுதான் பெஸ்ட் போட்டோ. எங்க அவரு?"

"வெளியூர் போயிருக்காரு மேடம்" என்றான் பிரேம்.

"வேலை செய்யறவங்ககிட்ட ரெண்டு கேள்வி கேக்கணும்" என்று மேடம் மலர்கொடியிடம் திரும்பினார். "உங்க பேரென்னம்மா? இது யாருன்னு தெரியுதா?"

மலர்கொடி வாளியை வைத்துவிட்டு வந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு டேப்லெட்டைக் குனிந்து பார்த்தாள். வெள்ளை உடுப்பு. முகமூடி. பின்னால் கொட்டகை. கொட்டகையின் ஜன்னல்.

ஒரு வார்த்தை போதும். அட்டை, கொல்லை, மூன்று வருஷக் குத்தகை எல்லாம் அந்த வாயில் இருந்தன.

"எங்கண்ணன்தாங்க" என்றாள் மலர்கொடி.

பிரேம் மூச்சு விட்டான்.

"மருந்தடிச்சா எத்தனை நாள் ஆச்சுன்னு உங்களுக்குச் சொல்லுவாங்களா?"

"சொல்லாம? எங்கண்ணி எதையும் மறைக்காதுங்க."

மலர்கொடி கையை நீட்டிக் கொடியிலிருந்து ஒரு பிஞ்சைக் கிள்ளினாள். சுண்டுவிரல் கனம். தோலில் பொடி காய்ந்து வெள்ளைப் புள்ளியாக ஒட்டியிருந்தது. துடைக்கவில்லை. வாயருகே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"அடிச்சு எத்தன நாளாச்சு அண்ணி?"

பிரேம் பதிவேட்டைத் திறந்து பேனாவோடு நின்றான். மேடம் புன்னகையோடு காத்திருந்தார். கரையில் கொட்டிய கழிவிலிருந்து புளித்த வாடை வந்தது. அங்கே ஒரு ஆடும் இல்லை.

அனிதா மலர்கொடியின் கண்ணைப் பார்க்கவில்லை. கையிலிருந்த காயைப் பார்த்தாள்.

"அஞ்சு நாளாச்சு" என்றாள்.

பிரேம் எழுதினான்.

மலர்கொடி கடித்தாள். நறுக்கென்று சத்தம் கேட்டது. அவசரப்படாமல் மென்றாள். விழுங்கினாள். மிச்சத்தையும் வாயில் போட்டுக்கொண்டாள்.

"அட!" என்றார் மேடம். "பறிக்கிறவங்களே பறிச்சு அப்படியே சாப்பிடறாங்க. இதை விட என்ன சர்டிபிகேட் வேணும்? ஒரு போட்டோ எடுத்துக்கவா?"

"எடுங்க" என்றாள் மலர்கொடி. இன்னொரு பிஞ்சைக் கிள்ளினாள். அதிலும் வெள்ளைப் புள்ளி. அனிதாவின் முன்னால் நீட்டினாள். "நீயும் தின்னு அண்ணி. ரெண்டு பேரும் சேந்து எடுத்துக்குவோம்."

அனிதா பிரேமைப் பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டிக்காரனுக்குக் கை காட்டினான். மேடம் டேப்லெட்டை உயர்த்திப் பிடித்திருந்தார்.

"பொட்டு கோணலா இருக்கு, நிமித்திக்க" என்றாள் மலர்கொடி.

அனிதா பொட்டை நிமிர்த்தினாள். காயை வாங்கினாள். தரமான காய். நூற்றறுபது நிற்கும்.

கடித்தாள்.